பக்கவாதமும் மூளை ஸ்கேனும்: ஸ்கேன் அறை வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருடமாக ஓர் அரசு மருத்துவமனையில் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்து வருகிறேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள் நோயாளியை உள்ளே விட்டுவிட்டுக் கதவோரம் நிற்பார்கள். நான் வெளியே வந்ததும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். நின்று பதில் சொல்ல முடிவதில்லை, அதற்குள் அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்திருக்கும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. படத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதுபவர் கதிரியக்க மருத்துவர். சிகிச்சையை முடிவு செய்பவர் நரம்பியல் மருத்துவர். அவர்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதும் படித்துத் தெரிந்துகொண்டதும்தான் இது.

இப்போது உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, கை தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் இதைப் படிக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. உடனே கூப்பிடுங்கள்.

"வாய் கோணிப்போச்சு, கை விழுந்துடுச்சு. கண்ணாலயே தெரியுதே. ஊசியைப் போடாம எதுக்கு ஸ்கேனுக்கு அனுப்புறாங்க?"

பக்கவாதம் இரண்டு வழியில் வரும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. இரண்டில் அடைப்புதான் அதிகம். ஆனால் வெளியிலிருந்து பார்த்தால் அதே கோணல் வாய், அதே விழுந்த கை. எத்தனை வருட அனுபவம் உள்ள மருத்துவரானாலும் கைவைத்துப் பார்த்து மட்டும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

அடைப்புக்குக் கொடுப்பது ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து. கசிவு உள்ளவருக்கு அதைக் கொடுத்தால் கசிவு கூடி உயிரே போகலாம். சி.டி.யில் புது ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், பார்த்த கணத்தில் பதில் கிடைக்கும். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கிய சி.டி. கருவியில் 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தார்கள். அடைப்பா கசிவா என்பதை இவ்வளவு எளிதாகப் பிரித்துச் சொல்ல அதற்கு முன் வழியே கிடையாது. ஸ்கேனுக்குப் போகும் அந்தச் சில நிமிடங்கள் சிகிச்சையின் தொடக்கம். அதைத் தாமதம் என்று நினைக்காதீர்கள்.

"சி.டி. எடுத்தா போதுமா? எம்.ஆர்.ஐ.தான் பெரிய ஸ்கேன்னு சொல்றாங்களே?"

பெரிது, சின்னது என்று இவற்றை வரிசைப்படுத்தக் கூடாது. சி.டி. வேகமானது. ஆளைப் படுக்க வைத்து இறக்குவதற்குச் சில நிமிடம் போதும். கசிவைக் கண்டுபிடிப்பதில் தவறாது. எம்.ஆர்.ஐ.க்கு வழக்கமாக இருபது நிமிடமாவது ஆகும், அவசரத்துக்கு என்று சுருக்கி எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் முடிக்கலாம். புதிதாக ஏற்பட்ட அடைப்பின் பாதிப்பை மிக நுட்பமாகக் காட்டும். ஆனால் நோயாளி அசையாமல் படுக்க வேண்டும். பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, உடலுக்குள் இரும்புத் துண்டு ஏதாவது இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலான இடங்களில் முதலில் சி.டி., தேவைப்பட்டால் பிறகு எம்.ஆர்.ஐ. என்றுதான் போவார்கள். சி.டி.யின் கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தலைக்கு ஒருமுறை எடுக்கும் சாதாரண சி.டி.யில் உடம்பில் சேரும் அளவு, மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஒரு வருடத்தில் நமக்கு இயல்பாகச் சேரும் அளவை ஒட்டியதுதான். வாதம் வந்த நேரத்தில் அதற்காகத் தயங்க வேண்டாம்.

"தம்பி, அப்பாவுக்கு கை கால் சுத்தமா வரல. ஆனா சி.டி. ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு. ஸ்கேன் தப்பா எடுத்துட்டீங்களா?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். படம் தப்பில்லை. அடைப்பு ஏற்பட்ட முதல் சில மணி நேரம் சி.டி.யில் பெரிதாக எதுவும் தெரியாமல் இருப்பது சாதாரணம். ரத்தம் போகாத மூளைத்திசு மெல்ல நீர் கோத்து வீங்கும். அப்போதுதான் சி.டி.யில் அந்த இடம் கறுக்கத் தொடங்கும். அதற்கு ஆறு மணி நேரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். அடுத்த நாள் எடுத்தால் அதே இடம் தெளிவாகத் தெரியும்.

முதல் மணி நேரங்களில் வரும் 'நார்மல்' உண்மையில் நல்ல செய்தி. ரத்தக்கசிவு இல்லை, இன்னும் பெரிய அளவில் திசு சாகவில்லை, கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அந்த மருந்து 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தரும் என்று 1995-இலும், 4.5 மணி நேரம் வரை கொடுக்கலாம் என்று 2008-இலும் ஆய்வுகளில் தெரியவந்தது. 'ஸ்கேன்தான் நார்மல் ஆச்சே' என்று வீட்டுக்குத் திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். இரவில் அவர்களையே மறுபடி ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்ததையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கினாலோ வலிப்பு வந்து ஓய்ந்தாலோகூட வாதம் போலவே தோன்றும். வந்ததும் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது அதனால்தான்.

"எம்.ஆர்.ஐ.யில டிஃப்யூஷன்ல வெள்ளையா இருக்குங்கிறாங்க. அப்படின்னா என்ன?"

மூளைக்குள் இருக்கும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் அங்குமிங்கும் அலைந்துகொண்டிருக்கும். ரத்தம் நின்றுபோனால் செல்களில் நீரையும் உப்பையும் சீராக வைத்திருக்கும் இயக்கம் நின்றுவிடும். நீர் செல்லுக்குள் புகுந்து, செல் உப்பி, வெளியே இருந்த சந்துகள் நெருக்கமாகும். நீரின் அலைச்சல் தடைபடும். அந்தத் தடையைத்தான் டிஃப்யூஷன் படம் வெள்ளையாகக் காட்டுகிறது. சி.டி.யில் மணிக்கணக்கில் கழித்துத் தெரிவது இதில் நிமிடங்களில் தெரிந்துவிடும். மைக்கேல் மோஸ்லியும் அவருடைய குழுவும் பூனைகளில் செய்த சோதனையில் இதை 1990-இல் காட்டினார்கள். அதன் பிறகு வாதத்தைப் படமெடுக்கும் முறையே மாறியது.

பழைய புண்கூடச் சில சமயம் வெள்ளையாகத் தெரியும். அதனால் ஏ.டி.சி. என்ற துணைப் படத்தையும் சேர்த்துப் பார்ப்பார்கள். முதலாவதில் வெள்ளை, இரண்டாவதில் கறுப்பு என்றால் புதியது. கழுத்துக்குப் பின்புறம் வழியாக மூளைத்தண்டுக்குப் போகும் குழாய்களில் சின்ன அடைப்பு ஏற்பட்டால், முதல் நாள் டிஃப்யூஷனும் அபூர்வமாகத் தவறவிடும். தலைசுற்றலும் தள்ளாட்டமும் விடாமல் இருந்தால் மருத்துவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மீண்டும் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான்.

"அரை மணி நேரத்துல கை தானா சரியாயிடுச்சு. இப்ப நல்லாத்தான் இருக்காங்க. ஸ்கேன் அவசியமா?"

அவசியம், அதுவும் அன்றைக்கே. தானாகச் சரியானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு டிஃப்யூஷன் படத்தில் சிறு புண் தெரியும். கை சரியானதால் மூளை தப்பித்தது என்று சொல்லிவிட முடியாது. பெரிய வாதம் வருவதற்கான ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். கழுத்துக் குழாயில் அடைப்பு உண்டா, இதயத்துடிப்பு சீராக இருக்கிறதா என்பதையும் அந்த நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும்.

"படத்துல வெள்ளையா இருக்கிற இடம் அத்தனையும் செத்துப்போச்சா?"

அதில் பெரும்பகுதி செத்துவிட்டது அல்லது சாகும் நிலையில் இருக்கிறது. ஆனால் கைவராமல் போனதற்கு அந்த இடம் மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத வயலை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பயிர் காய்ந்துவிட்டது, சுற்றிலும் வாடி நிற்கிறது. வாடிய பயிர் பச்சையாகத் தலைதூக்கி நிற்காது, ஆனால் தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 மில்லி ரத்தம் வர வேண்டும். அது 20-க்குக் கீழே இறங்கினால் செல்கள் வேலையை நிறுத்திவிடும், உயிர் இருக்கும். 10-ஐ ஒட்டி இறங்கினால் சாகத் தொடங்கும். வேலை நின்று உயிர் போகாத அந்தப் பகுதிக்கு 'பெனும்ப்ரா' என்று பெயர். கிரகணத்தின் அரைநிழலைக் குறிக்கும் சொல். ஆஸ்ட்ரப், சைமன் போன்ற ஆய்வாளர்கள் 1970-களின் கடைசியில் இதை விளக்கினார்கள்.

அவசரம் எல்லாம் இந்த வாடிய பகுதிக்காகத்தான். பெரிய குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்புசெல்கள் அழியும் என்று ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் 2006-இல் கணக்கிட்டார். எல்லாருக்கும் ஒரே வேகம் கிடையாது. சிலருக்குப் பக்க வாய்க்கால் மாதிரித் துணைக்குழாய்கள் நன்றாக இருக்கும், வாடிய பகுதி பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சிலருக்கு ஒரு மணி நேரத்திலேயே எல்லாம் போய்விடும். யார் எந்த வகை என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது.

"ஏற்கெனவே சி.டி. எடுத்தாச்சு. திரும்பவும் கையில ஊசி குத்தி மருந்து ஏத்தி எடுக்கிறாங்க. எதுக்கு ரெண்டு தடவை?"

முதல் படம் கசிவு உண்டா என்று பார்க்க. இரண்டாவது, எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று பார்க்க. அயோடின் கலந்த மருந்தை ஏற்றினால் நெஞ்சிலிருந்து உச்சந்தலை வரை குழாய்கள் மரக்கிளை மாதிரித் தெரியும். ஒரு கிளை பாதியில் நின்றிருந்தால் அங்கேதான் அடைப்பு. பெரிய குழாய் என்றால் தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி ரத்தக்கட்டியை இழுத்து எடுக்க முடியும். இந்தச் சிகிச்சை உறுதியாகப் பலன் தருகிறது என்று 2015-இல் ஐந்து பெரிய ஆய்வுகள் ஒரே வருடத்தில் காட்டின. யாருக்கு இதைச் செய்யலாம் என்பது அந்த இரண்டாவது படம் இல்லாமல் தெரியாது.

மூன்றாவதாக, மருந்து மூளைக்குள் பரவும் வேகத்தை அளந்து ஒரு படம் எடுப்பார்கள். முன் கேள்வியில் சொன்ன காய்ந்த பயிரும் வாடிய பயிரும் அதில் வண்ணமாகப் பிரிந்து தெரியும். ரத்தஓட்டம் வழக்கத்தில் 30 சதவீதத்துக்கும் கீழே போன இடத்தைச் செத்த பகுதி என்றும், ரத்தம் வந்துசேர 6 விநாடிக்கு மேல் தாமதமாகும் இடத்தை ஆபத்தில் உள்ள பகுதி என்றும் கணினி கணக்கிடும்.

"அம்மாவுக்கு கிட்னி கொஞ்சம் வீக். அந்த மருந்து ஏத்தலாமா?"

சிறுநீரகக் குறைபாடு, முன்பு அந்த மருந்தால் வந்த ஒவ்வாமை, சர்க்கரைக்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரை, இவற்றை மறக்காமல் சொல்லுங்கள். முடிவு மருத்துவருடையது. பெரிய குழாய் அடைத்திருக்கும் என்று சந்தேகம் வலுவாக இருந்தால், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் எடுப்பதே பல நேரம் சரி. அங்கே காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்தின் விலை மேலே சொன்னதுதான்.

"ராத்திரி நல்லாத்தான் படுத்தாரு. காலையில பார்த்தா பேச்சு வரல. எப்ப வந்துச்சுன்னே தெரியாது. நேரம் முடிஞ்சுபோச்சா?"

முன்பெல்லாம் இப்படி வந்தவர்களுக்குச் செய்ய அதிகம் இருக்கவில்லை. கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்த நேரத்திலிருந்துதான் கணக்கு வைப்பார்கள். இரவு பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் போய்விட்டதாகவே அர்த்தம். இப்போது கடிகாரத்தோடு படத்தையும் கேட்கிறார்கள்.

எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படத்தில் புண் தெரிந்து, ஃப்ளேர் என்ற இன்னொரு படத்தில் அது தெரியாவிட்டால், வாதம் வந்து பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள்தான் இருக்கும். ஃப்ளேரில் புண் தெரியத் தொடங்குவதற்கு அவ்வளவு நேரம் தேவை. இப்படித் தேர்ந்தெடுத்துக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்த 2018 ஆய்வில், 90-ஆம் நாள் ஏறக்குறைய முழுதாகத் தேறியவர்கள் நூற்றுக்கு 53 பேர். மருந்து கொடுக்காத பக்கம் 42 பேர். பெரிய குழாய் அடைப்புக்கு இன்னும் தெளிவான பலன் அதே வருடம் வந்தது. செத்த பகுதி சின்னது, பாதிப்பு பெரியது என்று படம் காட்டியவர்களுக்கு 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கட்டியை இழுத்து எடுத்தார்கள். 'டான்' என்ற அந்த ஆய்வில் தன் வேலையைத் தானே செய்யும் நிலைக்கு வந்தவர்கள் நூற்றுக்கு 49 பேர், மருந்து மட்டும் பெற்றவர்களில் 13 பேர். ஸ்கேன் உத்தியோகத்தில் நான் பார்த்த மிகப் பெரிய மாற்றம் இது.

இதைக் கேட்டுவிட்டு 'அப்ப 24 மணி நேரம் இருக்கு' என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது துணைக்குழாய்கள் நன்றாக இருந்து தாக்குப்பிடித்தவர்களின் கணக்கு. உங்கள் வீட்டு நோயாளி அதில் ஒருவரா என்பது வந்து படமெடுத்தால்தான் தெரியும்.

"ஆஸ்பெக்ட்ஸ் 7-ன்னு எழுதியிருக்கு. பத்துக்கு ஏழு நல்ல மார்க்தானே?"

ஓரளவு. மூளையின் நடுத் தமனி ரத்தம் கொடுக்கும் இடத்தைப் பத்துக் கூறாகப் பிரித்து, சி.டி.யில் கெட்டுப்போனதாகத் தெரியும் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு மார்க் கழிப்பார்கள். கனடாவின் கால்கரியில் உருவான இந்த முறை 2000-இல் வெளிவந்தது. 10 என்றால் சேதம் தெரியவில்லை. 7 என்றால் மூன்று கூறுகள் போயிருக்கின்றன. வேறு தமனியில் அடைப்பு என்றால் இந்த மார்க்குக்குப் பொருளே இல்லை.

5-ம் அதற்குக் கீழும் இருந்தால் கட்டியை எடுத்துப் பயனில்லை என்று ஒருகாலத்தில் விட்டுவிட்டார்கள். ஜப்பானில் 3 முதல் 5 வரை பெற்றவர்களுக்கும் எடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில், துணையில்லாமல் நடக்கும் நிலையாவது கிடைத்தவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 31, பெறாதவர்களில் 13-க்கும் குறைவு. அடுத்த வருடம் வேறு நாடுகளிலும் அதே போக்கில் முடிவு வந்தது. குறைந்த மார்க் என்பதற்காக மட்டும் கையை விட்டுவிடும் காலம் போய்விட்டது.

"ரத்தக்கசிவு 30 மில்லின்னு சொன்னாங்க. உள்ள போய் அளக்காம எப்படிச் சொல்றாங்க? ஆறு மணி நேரத்துல திரும்ப எதுக்கு ஸ்கேன்?"

படத்தில் கசிவின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி இரண்டால் வகுத்தால் ஏறத்தாழ மில்லி கிடைக்கும். 5, 4, 3 என்றால் 60, அதில் பாதி 30. இந்த 30 ஒரு முக்கியமான எல்லை. கசிவின் அளவு, நோயாளியின் நினைவு நிலை, மூளையின் அறைகளுக்குள் ரத்தம் இறங்கியிருக்கிறதா, சிறுமூளை மூளைத்தண்டுப் பக்கமா, வயது எண்பதைத் தாண்டியதா என்ற ஐந்தையும் கூட்டித்தான் ஆபத்தை மதிப்பிடுவார்கள். கசிவு முதல் சில மணி நேரத்தில் பெருகக்கூடியது. ரத்தஅழுத்தத்தை அவசரமாகக் குறைப்பதும் படத்தைத் திரும்ப எடுப்பதும் அதனால்தான்.

"முதல் நாள் பரவாயில்லைன்னாங்க. மூணாம் நாள் மூளை வீங்கிடுச்சு, மண்டை ஓட்டைத் திறக்கணும்கிறாங்க. முதல்லயே ஏன் சொல்லல?"

அடைப்பால் செத்த திசு வீங்குவது இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரைதான் உச்சத்துக்குப் போகும். முதல் படத்தில் இல்லாததை முதல் படம் காட்டாது. ஆனால் எச்சரிக்கை கிடைக்கும். டிஃப்யூஷன் படத்தில் புண் 145 மில்லிக்கு மேல் போனால் பெரிய வீக்கம் வர வாய்ப்பு அதிகம் என்று தெரியும், அவர்களைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்பார்கள்.

மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை பற்றி மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் கையெழுத்துப் போடச் சொல்லும்போது யோசிக்க நேரம் இருக்காது. அறுபது வயது வரை உள்ளவர்களுக்கு 48 மணி நேரத்துக்குள் செய்த ஐரோப்பிய ஆய்வுகளை 2007-இல் கூட்டிப் பார்த்தார்கள். அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள், செய்யாதவர்களில் 29 பேர். பிழைத்தவர்களில் பலருக்கு ஊனமும் பிறர் உதவியும் மிஞ்சின. உயிரைக் காப்பாற்றும் அறுவை அது. கைகாலைத் திருப்பித் தரும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட வேண்டாம்.

"இவருக்கு ஸ்கேன்ல சின்ன புள்ளிதான், ஒரு பக்கம் முழுக்க வரல. பக்கத்து பெட்டுக்காரருக்கு இவ்வளவு பெரிய கறுப்பு, அவர் நடந்து பாத்ரூம் போறார். எப்படி?"

ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ஏக்கர் காய்ந்தால் அந்த ஏக்கரோடு போயிற்று. மதகில் ஒரு கல் விழுந்தால் கீழே உள்ள அத்தனை வயலும் காயும். மூளையின் மேற்பரப்பில் கைக்கும் காலுக்கும் முகத்துக்கும் தனித்தனி இடம் உண்டு. அவற்றிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் எல்லாம் நடுவில் விரல் அகலத்துக்கும் குறைவான ஓரிடத்தில் நெருங்கி இறங்குகின்றன. அந்த மதகில் சுண்டைக்காய் அளவு அடைப்பு போதும், ஒரு பக்கம் முழுக்க விழ. முன்மூளையில் எலுமிச்சை அளவு கெட்டாலும் நடை தப்பிக்கலாம்.

பக்கத்து பெட்டுக்காரர் நடக்கிறார் என்பதால் அவருக்குப் பாதிப்பே இல்லை என்று நினைக்க வேண்டாம். நிதானம், முடிவெடுப்பது, ஒரு பக்கம் இருப்பதையே கவனிக்காமல் விடுவது போன்றவை வீட்டுக்குப் போன பிறகு குடும்பத்தாருக்குத்தான் தெரியும்.

"படத்தைப் பார்த்து, இவர் எத்தனை மாசத்துல நடப்பார்னு சொல்லிடுங்க சார்."

முதல் நாள் படத்தை வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. அது அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்று முடிவெடுக்க எடுத்த படம். அடைப்பு திறந்ததா, எவ்வளவு சீக்கிரம் திறந்தது என்பது எல்லாம் அந்தப் படத்துக்குப் பிறகு நடப்பவை. 24 மணி நேரம் கழித்து எடுக்கும் படம் இன்னும் கொஞ்சம் சொல்லும்: கடைசியில் நின்ற சேதம் எவ்வளவு, மதகு தப்பியதா.

அப்போதும் படம் பாதிக் கதைதான். வயது, வந்த அன்று பாதிப்பு எவ்வளவு கடுமை, முன்பு எப்படி நடமாடினார், சர்க்கரை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா, பயிற்சி உடனே தொடங்கியதா, இத்தனையும் சேரும். மருத்துவர் நூறு பேரில் இத்தனை பேர் என்று சொன்னால் அது கூட்டத்தைப் பற்றிய கணக்கு. அந்த நூறில் உங்கள் அப்பா யார் என்று அது சொல்லாது. ஆய்வுகளில் 90-ஆம் நாள்தான் நிலையை அளப்பார்கள். வேகமான முன்னேற்றம் பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தில்தான். அதனால் முன்னேற்றம் அங்கே நின்றுவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"கை மட்டுமாவது திரும்ப வருமா?"

இதற்குச் சற்று நல்ல பதில் இருக்கிறது. எனக்கே முதலில் ஆச்சரியமாக இருந்தது, அந்தப் பதில் ஸ்கேனில் இல்லை, விரலில் இருக்கிறது. நெதர்லாந்தில் 2010-இல் வந்த ஆய்வில், வாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சமாவது நீட்டவும் தோளைக் கொஞ்சமாவது பக்கவாட்டில் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் கைக்கு ஓரளவாவது வேலைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம். இரண்டுமே முடியாதவர்களுக்கு 25 சதவீதம். அந்த 25-ஐயும் கவனியுங்கள், அது சுழியம் இல்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு இதை ஒரு படிமுறையாக்கியது. மூன்றாம் நாள் தோளுக்கும் விரலுக்கும் மார்க் போடுவார்கள். போதுமான மார்க் இருந்தால் கை நன்றாகத் திரும்பும் என்று சொல்லலாம். குறைவாக இருந்தால் தலைக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்து, கைத்தசையில் அதிர்வு வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை திறந்திருக்கிறது. 2012-இல் அவர்கள் முதலில் வெளியிட்டபோது எம்.ஆர்.ஐ.யும் ஒரு படியாக இருந்தது. 2017-இல் திருத்தியபோது அது இல்லாமலேயே நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்ல முடிந்ததால் அந்தப் படியை நீக்கிவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. எடுப்பதே தொழிலாகக் கொண்ட நான் இதை எல்லாரிடமும் சொல்கிறேன். கைக்காக மட்டும் கடன் வாங்கி இன்னொரு எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாம். மூன்றாம் நாள் பிசியோதெரபிஸ்டிடம் தோளையும் விரலையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

"பேச்சு வருமா? நாங்க சொல்றது புரியுது, பதில்தான் வரல."

இடப்பக்க மூளையில் பேச்சுக்கான இடங்கள் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையில் இடப்பக்கம் புண் இருந்ததை பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-லேயே காட்டினார். புண் எந்த இழையை அறுத்தது என்பதில் நிறைய இருக்கிறது. லண்டனில் கேத்தி பிரைஸ் குழு, வாதம் வந்த ஏராளமானவர்களின் ஸ்கேனையும் அவர்களுடைய பேச்சு எப்படித் தேறியது என்பதையும் சேர்த்து வைத்து, புதிதாக ஒருவர் வந்தால் அவரைப் போன்ற புண் இருந்தவர்கள் எப்படித் தேறினார்கள் என்று பார்க்கும் முறையை உருவாக்கி வருகிறது. சரியான திசை என்று நினைக்கிறேன். நம் ஊரில் வழக்கத்துக்கு இன்னும் வரவில்லை.

சொல்வது புரிவது நல்ல அறிகுறி. பேச்சு கையைவிட நீண்ட காலத்துக்கு, வருடக்கணக்கில்கூடத் தேறிக்கொண்டு போகும். பதில் வராதவரிடம் சத்தமாகப் பேசாதீர்கள், காது கேட்கிறது. ஆம், இல்லை என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்.

"ரிப்போர்ட்ல பழைய வாதம்னு இருக்கு. வெள்ளைப் புள்ளிகள், மூளைச் சுருக்கம்னும் போட்டிருக்கு. இதுக்கு முன்ன எதுவுமே வந்ததில்லையே?"

வந்திருக்கும், தெரியாமல். மதகும் முக்கிய இடங்களும் தப்பிய சின்ன அடைப்பு வெளியே காட்டிக்கொள்ளாது. வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் பல வருட ரத்தஅழுத்தம் நுண்குழாய்களில் விட்டுச்சென்ற தழும்பு. தேறுதலுக்கு இதில் ஒரு சம்பந்தம் உண்டு. கெட்டுப்போன இடத்தின் வேலையை எடுத்துச் செய்ய மீதி மூளைதான் கைகொடுக்க வேண்டும், அங்கேயும் தழும்பு அதிகமானால் தேறுவது மெதுவாகும். பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் வற்புறுத்துவதற்கு இந்தப் படம்தான் ஆதாரம்.

"கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்து சொல்லிடுதாமே. அப்ப அதையே கேட்கலாமே?"

பெரிய குழாய் அடைப்பைக் கண்டால் மருத்துவரின் கைபேசிக்கு உடனே சொல்லும் மென்பொருள்கள் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் மேலே சொன்ன வண்ணப் படத்தில், வாதம் வந்து மிகச் சீக்கிரம் எடுத்தால், பிழைக்கக்கூடிய இடத்தையும் செத்ததாகக் கணினி காட்டிவிடுவது உண்டு. அடைப்பு விரைவாகத் திறந்தால் அந்த இடம் மறுநாள் படத்தில் நன்றாக இருக்கும். வண்ணத்தைப் பார்த்துக் குடும்பத்தார் நம்பிக்கை இழக்கக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

"ஆறு மாசம் ஆச்சு. இன்னொரு ஸ்கேன் எடுத்தா எவ்வளவு சரியாயிருக்குன்னு தெரியுமா?"

தெரியாது. செத்த இடம் நீர் நிறைந்த குழியாக அப்படியே இருக்கும், ஆள் நடந்து வந்து மேசையில் ஏறிப் படுத்தாலும் படம் மாறாது. தேறுவது குழி நிரம்புவதால் இல்லை, மற்ற இடங்கள் வேலையைக் கற்றுக்கொள்வதால். தலைகீழாகவும் ஏமாற்றும்: இரண்டு மூன்று வாரத்தில் எடுத்த சி.டி.யில் கறுப்பு மங்கி, சரியானதுபோலத் தெரியும். அது படத்தின் ஒரு கட்டம், பிறகு மறுபடி தெளிவாகும்.

புதிதாக வலிப்பு, கடுமையான தலைவலி, திடீரென்று இன்னொரு குறை வந்தால் கட்டாயம் எடுக்க வேண்டும். முன்னேற்றம் பார்க்க மட்டும் என்றால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

"ஸ்கேனைப் பார்த்துட்டு, ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. போயிடலாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் குரலை மறக்க முடியாது. சில படங்களில் உண்மையிலேயே செய்ய ஒன்றும் இருக்காது. மூளைத்தண்டு முழுக்க ரத்தம் பரவிய படங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ரத்தக்கசிவில் முதல் நாளே சிகிச்சையைக் குறைத்தால், அந்த முடிவே சாவை வரவழைத்துவிடும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2022 வழிகாட்டுதல், அப்படிப்பட்ட முடிவுகளை மருத்துவமனையில் இரண்டாவது முழு நாள் வரையாவது தள்ளிப்போடச் சொல்கிறது. அதனால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அடைப்பா, கசிவா? அடைப்பு என்றால் கட்டியை எடுக்கும் வசதியுள்ள இடத்துக்கு அனுப்ப நேரம் இருக்கிறதா? கசிவு என்றால் இரண்டாவது முழு நாள் வரையாவது முழுச் சிகிச்சை கொடுத்துப் பார்க்கலாமா? இப்படிக் கேட்பதால் நல்ல மருத்துவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எல்லாம் பார்த்த பிறகு வீட்டுக்குத்தான் என்று முடிவானால், கிளம்பும் முன் ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அவரால் விழுங்க முடிகிறதா என்று செவிலியரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கஞ்சியோ தண்ணீரோ வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்று செய்து காட்டச் சொல்லி, உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். எங்களிடம் எடுத்த பிலிமையும் படம் பதிந்த குறுந்தகட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு மருத்துவரிடம் காட்ட நினைத்தால் ரிப்போர்ட் மட்டும் போதாது, அவர் படத்தையே கேட்பார்.